வெட்டப்படாத இலைகள்

இரக்கம் என்பது ஓர் அளவீட்டுப் பிழை. மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தாலும் தடுமாறித்தான் சொல்லியிருப்பார்கள். தராசில் தூசி விழுந்தால் எடை மாறும். வெப்பமானியைக் கையால் பொத்திக்கொண்டால் சூடு ஏறும். பரிசோதனை செய்கிறவனின் நெஞ்சு இளகினால் முடிவு கெடும். முதல் இரண்டையும் துடைத்துச் சரிசெய்துவிடலாம். மூன்றாவதை ஆளோடு சேர்த்து வெளியே அனுப்ப வேண்டும்.

இந்த உண்மையை நான் கண்டடைந்த இடம் எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இருக்கும் வலைக்கூண்டு. அது என் அக்காவின் ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அக்கா அங்கே முனைவர் பட்டத்துக்காகப் புழு வளர்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் சொன்னால், புழு சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதே துறையில் முதுகலை மாணவன்; அவளுக்குச் சம்பளமில்லாத உதவியாள். எனக்குச் சோறு போடுவதை நிறுத்தமாட்டாள் என்பது மட்டும்தான் ஒப்பந்தம்.

கூண்டுக்குள் வரிசையாகத் தொட்டிகள், எல்லாவற்றிலும் எருக்கஞ்செடி. குப்பைமேட்டில் யார் தயவும் இல்லாமல் வளர்கிற செடிக்கு நாங்கள் தொட்டி கொடுத்து, எண் கொடுத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி மாப்பிள்ளை உபசாரம் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையை மெல்லிய வலைப்பையால் மூடியிருப்போம். பைக்குள் அந்த இலையின்மேல் பட்டாம்பூச்சியின் முட்டை ஒன்று. விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் முட்டை பொரியும். வெளியே வருகிற புழு ஒரு கமாவைவிடச் சிறியது. முதலில் தன் முட்டையின் ஓட்டைத் தின்னும். அதன் பிறகு இலையைக் கடிக்கும்.

வினை அங்கேதான் ஆரம்பம். எருக்க இலையின் நரம்புகளுக்குப் பக்கத்தில் பால் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. சும்மா ஓடுவதில்லை, அழுத்தத்தோடு ஓடுகிறது. கடித்த இடத்தில் குபுக்கென்று பொங்கும். அந்தத் துளி புழுவின் தலையைவிடப் பெரியது. காற்றுப் பட்டதும் பிசினாக இறுகும். உள்ளே விஷமும் உண்டு. ஆனால் நிறையப் புழுக்கள் விஷம் ஏறும்வரை காத்திருப்பதில்லை, வாய் ஒட்டிப்போயே செத்துவிடும். பிறந்து, ஒரே ஒரு வாய் சாப்பிட்டு, அதிலேயே முடிந்துவிடும்.

செடியைக் குறை சொல்ல முடியாது. எழுந்து ஓடக் காலில்லை, தட்டிவிடக் கையில்லை. உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது.

சில புழுக்கள் பிழைத்துக்கொள்ளும். அவை எடுத்தவுடன் தின்னாது. இலையை வட்டமாகச் சுரண்டும், பாலை வடியவிடும், வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து தின்னும். வளர்ந்தபின் இன்னும் கெட்டிக்காரத்தனம்: நடுநரம்பையே கடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். அதற்கப்பால் இலைக்குப் பால் போகாது. இலை தொங்கிப்போகும், புழு நிம்மதியாகச் சாப்பிடும். இதைப் பிறந்த அன்றே எல்லாப் புழுவும் சரியாகச் செய்துவிட்டால் அக்காவுக்கு ஆராய்ச்சியே இல்லை.

அக்காவின் ஏற்பாடு இதுதான். பாதிச் செடிகளில், பைக்குள் இருக்கும் இலையின் நடுநரம்பை அவளே பிளேடால் வெட்டி முன்கூட்டியே பாலை வடித்துவிடுவாள். மீதிப் பாதியைத் தொடமாட்டாள். வெட்டிய இலையில் எத்தனை புழு பிழைக்கிறது, வெட்டாத இலையில் எத்தனை என்று பார்த்தால், பால் மட்டும் எவ்வளவு காவல் காக்கிறது என்பது தெரிந்துவிடும். காலையும் மாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒவ்வொரு பையையும் பார்க்க வேண்டும். புழு இருக்கிறது, அல்லது இல்லை. எழுதிக்கொண்டு அடுத்த பைக்குப் போக வேண்டும். இதில் நெஞ்சுக்கு வேலையே கிடையாது.

எங்கள் மாமாவுக்கு இது புரியவில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். கல்லூரிக்கு எதிர்த்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. அவர் உள்ளே போனால் காற்று வெளியே வந்துவிடும். அங்கே மாட்டியிருக்கிற கடிகாரம் ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும், அவர் மட்டும் நேரம் தவறமாட்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அக்காவைக் கூட்டிப்போக வருவார். வந்தவர் சும்மா இருக்கமாட்டார். கடிகாரத்துக்குப் போடுகிற ஒற்றைக்கண் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பைக்குள் எட்டிப்பார்ப்பார்.

"மாப்ள, இது அசையுதுடா."

"அசையட்டும்."

"வாய் ஒட்டிக்கிச்சு. தலைய இலைல தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குது. பாவம்."

"ஒரு டீ."

'பாவம்' என்று சொன்னால் ஒரு டீ வாங்கித்தர வேண்டும் என்று நான் அபராதம் விதித்திருந்தேன். அந்த மாதம் நான் டீக்குச் செலவே செய்யவில்லை.

"உயிர் போகுதுடா அங்க."

"அதைப் பாக்கத்தான் மாமா வந்திருக்கோம். போனா எழுதணும், போகலைன்னாலும் எழுதணும். நடுவுல நமக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கெல்லாம் நெஞ்சுக்குள்ள என்னத்த வெச்சு மூடினாங்க?"

"பேட்டரி. உங்க கடையில போட்டதுதான், அதான் அப்பப்ப நின்னுடுது."

"ரெண்டு பேரும் வெளிய போறீங்களா, இல்ல உங்களையும் பைக்குள்ள போட்டு மூடவா?" என்றாள் அக்கா. சிரித்தபடிதான் சொன்னாள். கண் மட்டும் பையை விட்டு நகரவில்லை.

அவள் அப்படிச் சிரித்தது எங்களுக்குப் பெரிய விஷயம். மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டது. அத்தனை நாளும் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்த அக்கா, அன்றைக்குத்தான் பக்கத்து அறையில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். மாமா அவளை எழுப்பவில்லை. அவள் எழுந்தபோது எல்லாம் முடிந்து, துணி சுற்றியாகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவள் அதைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. சட்னியில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் எல்லாவற்றையும் பேசினாள். கொஞ்ச நாளில் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். அம்மா, "இந்தப் புழு வேலை இப்ப எதுக்குடி, வேற ஏதாவது எடுத்துக்கோயேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அவளுடைய பேராசிரியர்கூட வேர்ப்பூஞ்சை பற்றி ஒரு தலைப்பைத் தயாராக வைத்திருந்தார். அக்கா எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் பாத்துக்கறேன்மா. பாக்கறதுதானே வேலை" என்றாள்.

மதியத்தில் கூண்டைக் காப்பது என் பொறுப்பு. எறும்பு ஏறாமல், பை அவிழாமல், வெயில் அதிகமானால் மேலே துணி இழுத்துவிட்டு, அங்கேயே இருக்க வேண்டும். அதே நேரத்தில்தான் எனக்குக் கேண்டீனில் அறிவுலகக் கடமைகள் இருந்தன. அதனால் சாவியை மாமாவிடம் குத்தகைக்கு விட்டிருந்தேன். அவருக்கு மதியத்தில் கடையில் கூட்டம் இருக்காது. அவர் தூக்குவாளியோடு கூண்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். வலைக்குள் காற்று நன்றாக வருகிறது என்றார். நம்பினேன்.

புதிதாக ஒரு தொகுதி முட்டைகள் வைத்த சில நாளில், வெட்டாத இலைப் புழுக்கள் சாவதை நிறுத்திவிட்டன.

நிறுத்திவிட்டன என்றே சொல்ல வேண்டும். வழக்கமாகப் பாதிக்குப் பாதி போய்விடும். இந்தத் தடவை வெட்டிய இலையில் எத்தனை பிழைத்ததோ கிட்டத்தட்ட அத்தனையும் வெட்டாத இலையிலும் பிழைத்தன. அக்கா முதலில் நம்பவில்லை. என்னைப் பார்க்கச் சொன்னாள், துறையில் இன்னொரு மாணவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அதன்பிறகு அவள் முகத்தில் மெதுவாக ஏதோ வந்தது. நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒன்று.

"டேய் தம்பி, இந்தச் செடில பால் இருக்கு. ஆனா வேலை செய்யல. இல்லன்னா இந்தப் புழு ஏதோ புதுசா பண்ணுது. எதுவா இருந்தாலும், பொழைக்குதுடா!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டதாக அம்மா என் காதில் கிசுகிசுத்தாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'சுருக்கம்'. எதையும் "சுருக்கமா சொல்றேன்" என்று ஆரம்பிப்பார், வகுப்பு முடிய மணி அடித்து அடுத்த வகுப்பும் முடிந்துவிடும். அவர் கூண்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சுருக்கமாக மதியச் சாப்பாட்டு நேரம்வரை வியந்தார். துறைக் கருத்தரங்கில் அக்கா இதைப் பேசியே தீர வேண்டும் என்று நாள் குறித்தார். வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அக்கா படங்கள் வரைந்தாள், கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். எனக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முட்டாள்தனமாகக் கேள்வி கேட்கிற வேலை. அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

கருத்தரங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா கடையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாமா, அந்தக் கண்ணாடிய தேய்ச்சே கரைச்சுடுவீங்க போல."

"புகையா தெரியுதுடா. அழுக்கே போகமாட்டேங்குது."

"குடுங்க." வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் பளிங்குபோல இருந்தது. "இது சுத்தமாத்தான இருக்கு."

அவர் அதை இடது கண்ணுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். வலது கண்ணை மூடித் திறந்தார். கூரையில் எரிந்த குழல் விளக்கைப் பார்த்தார்.

"விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது மாப்ள" என்றார் மெதுவாக.

கடிகாரக்காரனுக்குக் கண் போனால் என்ன மிச்சம் என்று நான் யோசிக்கவில்லை. நான் யோசிக்காததை என் கால்கள் யோசித்திருக்க வேண்டும். அவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை ஓட்டிய வேகத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் விசில் அடித்ததைக்கூட நான் பிறகுதான் உணர்ந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. நாளைக்குப் பேச வேண்டியவள்.

கண் டாக்டர் அம்மா நிதானமானவர். மாமாவின் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒளிக்கீற்றைப் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"இல்லைங்க."

"வலி இல்ல, ஆனா கருவிழி வீங்கியிருக்கு. ஏதாவது செடியோட பால் பட்டுச்சா? எருக்கு மாதிரி?"

மாமா தன் விரல்நுனிகளைப் பார்த்தார்.

"எருக்கம்பால் கைல இருந்து, அந்தக் கையால கண்ணைத் தேய்ச்சா இப்படித்தான் ஆகும். அப்ப வலிக்காது. மங்கும். நேரத்தோட வந்துட்டீங்க, சொட்டு மருந்துல சரியாகிடும். ஆனா கொஞ்ச வாரத்துக்கு இந்தக் கண்ணுல லென்ஸ் போட்டு வேலை பாக்கக்கூடாது. எங்க போய் எருக்கைப் பறிச்சீங்க?"

"பறிக்கலைங்க" என்றார் மாமா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எருக்க இலையின் அடிப்பக்கத்தில் பஞ்சுபோல வெள்ளைப்பூச்சு இருக்கும். அங்கே ஒரு மெல்லிய கீறல் போட்டால் இலை தொங்காது, வெளியேயும் தெரியாது, அதுவும் கடிகாரத்தின் பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற கை போட்டால். நடுநரம்பைக் கீறி, பால் வடியவிட்டு, வடிந்ததை லென்ஸ் துடைக்கும் துணியால் ஒற்றி எடுத்து, பையைத் திரும்பக் கட்டியிருக்கிறார். மதியத்துக்கு மதியம், முட்டைகள் பொரிவதற்கு முன்பே. அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். புழுவுடைய கெட்டிக்காரத்தனத்தைச் சாப்பாட்டு மேசையில் அவ்வளவு ஆசையாக விளக்கியிருந்தாள்.

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"வாழ்த்துகள் மாமா. உலகத்திலேயே எருக்கஞ்செடியைத் தோற்கடிச்ச முதல் கடிகாரக்காரர் நீங்கதான். நாளைக்கு அக்கா மேடையில பேசறப்ப உங்களையும் பக்கத்துல நிக்கவெச்சு மாலை போடச் சொல்றேன். புதுவகைப் புழு, மீசை வெச்சது, மதியம் மட்டும் வரும்."

"டேய், போதும்டா."

"எத்தனை இலையை வெட்டினீங்க?"

"எல்லாத்தையும்."

"புழுவுக்குப் பாவம் பாத்தீங்க, சரி. அக்காவைப் பாத்தீங்களா? இது வெளியில தெரிஞ்சா அவளைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க மாமா."

அவர் கண்ணில் கட்டிய பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"புழுவுக்காக இல்லடா. அவ ஒவ்வொரு பையா திறந்து பாக்கறா. ஒவ்வொண்ணுலயும் செத்துக் கிடக்கு. அவ எழுதறா. அடுத்ததைத் திறக்கறா. நான் வாசல்ல நின்னு அதைப் பாக்கணும். என்னால முடியல. ஒரு நாளைக்காவது எல்லாப் பையிலயும் இருக்கட்டுமேன்னு... அப்பறம் நிறுத்த முடியல. அவ சிரிச்சாளேடா."

நான் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

"நாளைக்கு அவ பேசி முடிக்கட்டும்" என்றார். "அப்பறம் சொல்லிடறேன்."

"பேசறதுக்கு முன்னாடி சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை மாமாவே சொன்னார். அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு, கருத்தரங்குக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை புழுக்களைப் பார்க்கக் கூண்டுக்கு வந்திருந்தாள். மாமாவின் கண்கட்டைப் பார்த்துப் பதறினாள். அவர் கட்டைப் பற்றி ஆரம்பித்து, பால் பற்றிச் சொல்லி, வெட்டியதில் முடித்தார். நான் வலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒரு பையை அவிழ்த்தாள். இலையைத் திருப்பினாள். நடுநரம்பில் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். அடுத்த பை. அதற்கடுத்த பை. அவசரமே படவில்லை.

"எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கீங்க" என்றாள்.

"நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்."

"அன்னிக்கும் அப்படித்தான் நெனச்சீங்க."

மாமா பக்கத்துத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்கிட்டு இருந்த" என்றார். "அத்தனை நாள் கழிச்சு அப்பத்தான் தூங்கின. எழுப்ப மனசு வரல."

"நான் அவ அம்மாங்க." அக்காவின் குரல் உயரவில்லை. "அவ போறப்ப நான் அந்த நாற்காலியில இருந்திருக்கணும். உங்களுக்கு மனசு வரலைன்னு நான் இல்லாம போய்ட்டேன். இனிமே எப்படிப் பாத்தாலும் நான் இல்லாமதான் இருப்பேன். அதனாலதான் இங்க வந்து உக்காந்தேன். இதுங்களையாவது நான் இருந்து பாக்கறேன், யாரும் பாக்காம எதுவும் போகவேண்டாம்னு. அதையும் எடுத்துட்டீங்க."

மாமாவின் நல்ல கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. கட்டுப் போட்ட கண்ணிலும் வந்திருக்கலாம்.

"எனக்காக எனக்குத் தெரியாம பாவப்படாதீங்க" என்றாள். புதுச்சேலையின் முந்தானையில் ஒரு சொட்டுப் பால் விழுந்திருந்தது. அதைத் துடைக்காமல் கருத்தரங்கு அறைக்கு நடந்தாள்.

அங்கே அவள் பேசியது கொஞ்ச நேரம்தான். வெட்டாத இலைகள் வெட்டப்பட்டிருந்தன, வெட்டியது தன் வீட்டு ஆள், இந்த முடிவுகளில் எதுவும் செல்லாது என்றாள். படங்களைக் காட்டவில்லை. வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாதாரணமாக அந்த இடத்தில் சிரிப்பது நானாகத்தான் இருப்பேன். எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் எழுந்தார். சுருக்கமா சொல்றேன் என்று சொல்லவில்லை.

"மறுபடியும் செய்ம்மா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் செய்தாள். புதுச் செடிகள், புது முட்டைகள், புதுப் பைகள். மதியக் காவலுக்கு நானே உட்கார்ந்தேன். கேண்டீன் அறிவுலகம் என்னை இழந்து எப்படிச் சமாளித்தது என்று தெரியவில்லை. முதல் சில நாள் மாமா கூண்டுப் பக்கம் வரவில்லை. தெருமுனையிலேயே நின்று அக்காவைக் கூட்டிப்போனார். இருவரும் நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அக்காவே தெருமுனைக்குப் போய் அவரைக் கூட்டிவந்தாள். கூண்டுக்குள் இரண்டு முக்காலிகளைப் போட்டாள். உருப்பெருக்கியை அவரிடம் கொடுத்தாள்.

"நல்ல கண்ணால பாருங்க. பாத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"நானா?"

"நீங்கதான்."

அவர் முதல் பையைத் திறந்தார். "இருக்கு" என்றார். அடுத்தது. "இருக்கு." அதற்கடுத்ததில் வெகுநேரம் குனிந்திருந்தார். "இல்ல." அவள் எழுதினாள். பாவம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் டீ கேட்டிருக்கமாட்டேன்.

"இருக்கு." "இல்ல." "இது... இன்னும் அசையுது."

"அப்ப இருங்க. முடியறவரைக்கும் பாப்போம்."

இருவரும் அந்தப் பையின்மேல் குனிந்து உட்கார்ந்தார்கள். வெளியே சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கூச்சலோடு போனார்கள். நான் தண்ணீர்க் குழாயைச் சுருட்டுவதுபோல ஏற்கெனவே சுருட்டியிருந்ததை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா உருப்பெருக்கியை மடியில் வைத்தார்.

"என் விரலைப் புடிச்சிருந்தா" என்றார். "பொட்டில அந்த ஓட்டை இருக்கே, அது வழியா கைய விட்டிருந்தேன். நகமெல்லாம் இருந்துச்சு. மூச்சு விடறப்ப நெஞ்சு உள்ள போகும்ல, அது மெதுவாச்சு. நர்ஸ் வந்து அந்த மிஷின் சத்தத்தைக் கொறைச்சாங்க."

"கண்ணைத் திறந்தாளா?"

"ஒரு தடவை."

"யாரைப் பாத்தா?"

"விளக்கைப் பாத்தா."

"அழுதாளா?"

"இல்லம்மா. கொட்டாவி மாதிரி வாயைத் திறந்தா. அவ்வளவுதான். விரலை விடவே இல்ல, நான்தான் எடுக்க வேண்டியதாச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். பிறகு மாமாவின் கையைப் பிடித்து அந்த விரல் எது என்று கேட்டாள். அவர் காட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, அன்றுவரை நான் எங்கேயும் கேட்டிராத சத்தத்தில் அழுதாள். மாமா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புழு?" என்றாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் தடவையின் முடிவு, எல்லோரும் எதிர்பார்த்தது போலவே வந்தது. வெட்டாத இலையில் பாதிக்கு மேல் செத்தன, வெட்டியதில் பெரும்பாலும் பிழைத்தன. பால் தன் வேலையைச் செய்கிறது. மாமாவின் கண் தெளிந்தது, கடையைத் திரும்ப முழு நேரம் திறந்தார். அக்கா முன்போல அடிக்கடி சிரிக்கவில்லை. ஆனால் வீட்டில் மாமாவிடம் சண்டை போட ஆரம்பித்திருந்தாள், சத்தமாக, துண்டை எங்கே போட்டீர்கள் என்றெல்லாம். அம்மாவுக்கு அதில் பெரிய ஆறுதல்.

கடைசி நாள் காலைக் கணக்கு முடிந்ததும் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

"டேய், ஓரத்துத் தொட்டிகள்ல மிச்ச முட்டை இருக்கு. எல்லாத்தையும் ஸ்பிரிட்ல போட்டுட்டுப் பூட்டிட்டு வா" என்றாள் அக்கா. கூண்டில் வளர்த்ததை வெளியே விடக் கூடாது என்பது துறையின் விதி. கணக்கில் சேராத உபரிச் செடிகள் அவை, வேறு வேலைக்கு உதவாது.

சீசாவை எடுத்துவைத்தேன். ஈரத் தூரிகையால் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து ஸ்பிரிட்டில் விட்டேன். சுத்தமான வேலை. கடைசிச் செடியில் முட்டையைக் காணவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். அது பொரிந்து, ஓட்டைத் தின்று முடித்து, இலையின்மேல் தலையை இப்படியும் அப்படியுமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீசாவில் இடமில்லை என்று எனக்குத் தோன்றியது. முக்கால் பங்கு இடம் இருந்தது.

பிளேடு அக்காவின் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. இலையை மெல்லத் திருப்பி, காம்புக்குப் பக்கத்தில் நடுநரம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினேன். பால் பொங்கி நகக்கண்ணுக்குள் இறங்கியது. வழிந்து புழுவின் பக்கம் போகாமல் சட்டைநுனியால் ஒற்றினேன். திரும்பப் பொங்கியது, திரும்ப ஒற்றினேன். மூன்றாவது, நான்காவது தடவை துளி சிறுத்து, பிறகு வரவில்லை. இலை லேசாகத் தொங்கியது.

புழு குனிந்து ஒரு வாய் கடித்தது. காத்திருந்தேன். அது இன்னொரு வாய் கடித்தது.

யாராவது கேட்டால் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். பையை மூடிக் கட்டினேன், கூண்டைப் பூட்டினேன், கண்ணில் கை படாமல் குழாயடிக்குப் போய் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது அவ்வளவு சீக்கிரம் போவதாக இல்லை.